பழுது பார்த்தலும் பழுது மறைத்தலும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)





இக்கூட்டத்தில் யாம் பேசுதல் வேண்டுமென நம் காரியதரிசியவர்கள் கேட்டபொழுது, வழக்கம்போல் நெய்தல் நிலத்தின் சிறப்பையோ, பண்டைத் தமிழர் கலஞ் செலுத்திய பெருமையையோ யாம் எடுத்துரைப்போமென்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். பள்ளிக்கூடத்தில் இலக்கணங் கற்பிக்கும் ஒருவரிடம் வேறு யாது எதிர்பார்த்தல் இயலும்? ஆயினும் இது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கீழைக்கரை விசைப்படகுகள் கடல் புகாமல் நிற்கின்றன. மரம் மாற்றுவதும், பூச்சுப் பூசுவதும், பொறி பிரித்து மாட்டுவதும் இந்நாட்களிலேயே மிகுதி. சிறு படகுகளும் பெரும் படகுகளும் ஒருவர் கையினின்றும் மற்றொருவர் கைக்கு மாறுவதும் இந்நாட்களிலேயே மிகுதி. ஆதலின், பழம்பெருமையை மற்றொரு கூட்டத்திற்கு ஒதுக்கி வைத்து, இன்று பழம்படகைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தோம்.

முன்னமே உடைந்து பழுது பார்க்கப்பெற்ற படகை விலைக்கு வாங்குவோர் எவற்றைப் பார்த்தல் வேண்டும், விற்போர் எவற்றைச் சொல்லுதல் வேண்டும் என்பதே எம் பொருள். இதனைப் பேச எமக்கு யாது தகுதி என்று கேட்பீராயின், தகுதி ஒன்றே உளது. இவ்விஷயத்தில் யாம் ஒருமுறை பெரும்பிழை செய்திருக்கிறோம். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி. கெட்ட பொருளைச் சீர்செய்தலைத் தமிழில் நாம் ‘பழுது பார்த்தல்’ என்கிறோம். பழுது நீக்கல், பழுது தீர்த்தல் என்னும் வழக்குகளும் உள. ஆயினும் மக்கள் நாவில் மிகுதியும் வழங்குவது பார்த்தல் என்பதே. இங்குப் பார்த்தல் என்பது கவனித்துச் செய்தல் என்னும் பொருட்டு. வேலை பார்த்தல் என்பதைப் போன்றது என்று இலக்கணம் அறிந்தார் கூறுவர். மெய்யே. எனினும், கண்ணாற் காணுதல் என்னும் முதற்பொருளை நாம் கைவிடுதல் ஆகாது. பழுதைக் கண்டாலன்றி அதனைத் தீர்த்தல் எவ்வாறு? காணாமற் பூசிய பூச்சு, பழுது பார்த்தல் ஆகாது. பழுது மறைத்தலே ஆகும். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைக் கரையில் நாம் அறியாவிடின் கடல் அறிவித்துவிடும்.

எம் தந்தையார் கட்டுமரத்தில் தொழில் செய்தவர். கடலினின்றும் கரையேறியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் ஏற்றி உலர வைப்பார். கட்டுமரம் வாங்க வருவோர் ஒவ்வொரு மரத்தையும் புரட்டிப் பார்ப்பர், கையாற் தட்டுவர், எந்த மரம் நீர் குடித்துக் கனத்துள்ளது, எந்த மரம் புழு குடைந்தது என்பது கண்முன்னே கிடக்கும். மறைப்பதற்கு அதில் உள்ளிடமே இல்லை. பலகையால் ஆகிய தோணியும் ஏறக்குறைய அத்தகையதே. பலகை இணைப்புகளிற் பஞ்சு திணித்துக் கலப்பற்றுப் போடுதல் ஆண்டுதோறும் ஊரார் காண நடைபெறும். எந்தத் தோணியில் எந்தப் பலகை புதியது என்பதை அவ்வூர்ச் சிறுவனும் சொல்லுவான்.

பின்னர்க் கண்ணாடி நூலிழைப் படகு வந்தது. நம் கரையில் அதனைப் ‘பைபர்’ என்றே வழங்குகிறோம். 1980-ஆம் ஆண்டுகளிலேயே, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வங்காள விரிகுடாத் திட்டத்தார், அலையடிக்குங் கரையில் ஏற்றத்தக்க இத்தகைய படகுகளைச் செய்து பார்த்தனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் கரை முழுதும் இவையே பெருகின. இழந்த கட்டுமரத்திற்கு ஈடாகப் பைபர் பெற்றவர் பலர். அவசரத்திற் கட்டிய படகுகளும் அவற்றுட் பல. உடைந்தவற்றை அவசரத்தில் ஒட்டியதும் உண்டு. இப்படகுகள் இலேசானவை, மட்காதவை, விரைந்து செல்பவை. இவற்றின் நன்மையை யாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு குணத்தில் இவை கட்டுமரத்திற்கு நேர்மாறானவை. உள்ளே உடைந்தாலும் வெளியே ஒரு கைப்பட்டியும் ஒரு பூச்சு வர்ணமும் போதும். புதுப்படகு போல் தோன்றும்.

இனி எம் பிழையைக் கூறுவோம்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன், கஜாப் புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்ததை நீவிர் மறந்திருக்கமாட்டீர். அப்புயலிற் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கின. அவ்வாறு அடிபட்ட பைபர் ஒன்றை அதன் உடையவர் ஒட்டுப்போட்டு, வர்ணம் பூசி, அடுத்த ஆண்டு ஆனி மாதத்தில் விற்பனைக்குக் கொணர்ந்தார். எம் தங்கையின் கணவர் அதனை வாங்க விரும்பினார். விலை, பொறியுடன் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். தங்கையின் நகை எட்டுச் சவரன் அடகுக்குச் சென்றது. மீன் விற்றுச் சேர்த்த அவள் சீட்டுப் பணமும் அதிற் சேர்ந்தது. விற்றவர் அயலாரல்லர், அடுத்த குப்பத்தவர், நம்மவர். அவ்விரு குடும்பங்களுக்கும் இடையே பெண் கொடுக்கும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது.

விற்பனைப் பத்திரத்தை எழுதுமாறு எம்மை அழைத்தனர். “மச்சான், எழுத்து வேலை உங்களுடையது, கடல் வேலை என்னுடையது” என்றார் மைத்துனர். யாமும் முத்திரைத் தாளில் மிக அழகாக எழுதினோம். இன்ன நீளம், இன்ன பொறி, இன்ன எண், யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு வில்லங்கம் ஏதேனும் ஏற்படின் விற்பவரே முன்னின்று தீர்த்துத் தருவார் என்றெல்லாம் எழுதி, ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லாமல் இருமுறை படித்துக் கையெழுத்து வாங்கினோம். எழுதிய இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் அப்படகு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. எழுந்து சென்று அதனை ஒருமுறை தொட்டுப் பார்த்தோமா? இல்லை. எம் மைத்துனராவது பார்த்தாரா? ‘நம்மவர் விற்கிறார், தட்டிப் பார்த்தால் மனம் வருந்துவார்’ என்று அவரும் விட்டுவிட்டார். பத்திரத்திற் பிழை பார்த்த எம் கண், படகிற் பிழை பார்க்கவில்லை.

அவ்வாண்டு ஐப்பசியில் ஒருநாள், எட்டுப் பாக ஆழத்தில் வலை இழுத்துத் திரும்புகையில், வாடைக்காற்றில் எழுந்த அலை ஒன்றன்மேலிருந்து படகு அடுத்த அலையில் விழுந்தது. வலப்பக்கத்து அடிவளைவில் ஓரிடம் வாய் திறந்தது. நால்வர் இருந்தனர். இருவர் நீர் இறைத்தனர். ஒருவர் தம் சட்டையைக் கழற்றித் துளையில் திணித்தார். பொறி நனைந்து நின்றது. வலையைக் கடலில் எறிந்தனர். அருகிற் சென்ற மற்றொரு படகினர் கண்டு வந்து நால்வரையும் ஏற்றிக்கொண்டனர். அவர்கள் அவ்வழியே வாராதிருப்பின் எம் தங்கையின் நிலை யாதாகியிருக்கும் என்பதை யாம் இங்குச் சொல்ல விரும்பவில்லை.

நீர் நிறைந்து மிதந்த படகை மறுநாள் கட்டியிழுத்துக் கொணர்ந்தனர். ஓடாவி ஒருவர் வந்து பார்த்தார். உடைந்த இடத்தின்மேல், பழைய வர்ணத்தைக்கூடத் தேய்க்காமல், ஒரே ஒரு நூலிழைத் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. அதன் ஓரத்தை அவர் விரலாற் பற்றி இழுத்தார். காய்ந்த வாழைப்பட்டை உரிவதுபோல் முழுதும் உரிந்து வந்தது. வெளியே பட்டி, அதன்மேல் வர்ணம், அவ்வளவே.

விஷயம் ஊர்ப் பஞ்சாயத்தார் முன் வந்தது. விற்றவர் தலைகுனிந்து நின்று, “நீங்கள் கேட்கவில்லையே” என்றார். யாம் எழுதிய பத்திரத்தை எடுத்துப் படித்தனர். வில்லங்கம் இல்லை என்று அதில் இருந்தது. உடைவு இல்லை என்று இல்லை. செலவிற் பாதியை விற்றவர் தருவதென்று பஞ்சாயத்தார் முடிவு செய்தனர். அது தவணை தவணையாக வந்தது. பெண் கொடுக்கும் பேச்சு நின்றது. விற்றவரைக் கொடியவர் என்று யாம் கூறோம். புயலில் அடிபட்டவர், கடன்பட்டவர், ஒட்டுப் போட்டவன் ‘தாங்கும்’ என்று சொன்னதைத் தாமும் நம்பியவர். ஆயினும் தெரிந்ததை அவர் சொல்லவில்லை; தெரியவேண்டியதை நாங்கள் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்தே துளையாயின.

இனி, ஒட்டு என்பது எவ்வாறு நிற்கிறது, எவ்வாறு விடுகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம். அப்படகை மீளச் செப்பனிட்ட ஓடாவியாரிடமும், பைபர் வேலை செய்யும் மேஸ்திரிகளிடமும் மாணவர்போல் அமர்ந்து யாம் கேட்டறிந்தவை இவை.

பைபர்ப் படகின் உடல் நூலிழையும் ரெசினும் அடுக்கடுக்காகப் படிந்து உறைந்தது. ரெசின் உறையுமுன் இடும் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே உடம்பாகின்றன. உறைந்து முற்றியபின் அதன்மேல் இடும் புது அடுக்கோ, ஒட்டிக்கொண்டு நிற்பதேயன்றி உடம்போடு உடம்பாவதில்லை. ஆதலின் ஒட்டு நிலைபெறுதல், அது பற்றிக்கொள்ளும் பரப்பைப் பொறுத்தது. உடைந்த பகுதியை நல்ல உடல் காணும்வரை வெட்டி நீக்குதல் வேண்டும். உப்பை நன்னீராற் கழுவி, எண்ணெய்ப் பசை போக்கி, நன்கு உலரவிடுதல் வேண்டும். பின்னர் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்தல் வேண்டும். இச்சரிவு தடிப்பைப் போற் பன்னிரண்டு மடங்கு இருத்தல் நலம் என்பர். அஃதாவது, 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இடத்தில் உடைவின் ஒவ்வொரு பக்கத்திலும் 72 மில்லிமீட்டர், ஏறத்தாழ மூன்று அங்குலம் சரிய வேண்டும். அதன்மேல், முன்பு எத்தனை அடுக்கு இருந்ததோ அத்தனைக்குக் குறையாமல் ஒன்றைவிட ஒன்று பெரியதாக இட்டு நிரப்புதல் வேண்டும். கெட்டிப்படுத்தும் திரவம் அளவிற் குறைந்தால் ரெசின் முற்றாது பிசுபிசுக்கும். மிகுந்தால் சூடேறி வெடிக்கும்.

இவ்வாறு செய்த ஒட்டு, நல்ல ஒட்டு. அதற்கு அஞ்சவேண்டுவதில்லை. ஈரத்தின்மேல், வர்ணத்தின்மேல், எண்ணெயின்மேல் இட்ட ஒட்டும், பட்டியால் மட்டும் நிரப்பிய ஒட்டும் தீய ஒட்டு. வர்ணம் பூசியபின் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலின் வாங்குவோர் கீழ்வருவனவற்றைச் செய்க.

முதலாவது, வெயில் சாய்ந்த காலையிலோ மாலையிலோ படகைப் பாருங்கள். அணியத்தின் அருகே நின்று, பக்கத்தின் வழியே கண்ணை ஓட்டுங்கள். உச்சிவேளையிற் சமமாகத் தோன்றும் உடலில், சாய்வெயில் மேடு பள்ளத்தை நிழலாகக் காட்டிவிடும்.

இரண்டாவது, தட்டிக் கேளுங்கள். ஒரு நாணயத்தாலோ சிறு சுத்தியின் காம்பாலோ சாண் இடைவெளிவிட்டுத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இடம் கணீரென்னும். அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். உள்ளே சட்டமோ மிதவை நுரையோ இருக்கும் இடத்திலும் ஒலி மாறும். ஆதலின் வலப்பக்கத்தில் ஐயம் தோன்றினால் இடப்பக்கத்தில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்திருப்பின் அமைப்பு, வேறுபடின் பழுது.

மூன்றாவது, உள்ளே பாருங்கள். வெளியே வர்ணம் பூசுவார் பலர். உள்ளே ஒழுங்காகப் பூசுவார் சிலர். உட்புறத்தில் வெளுத்த திட்டுகள் தெரிந்தால் அவ்விடம் அடிபட்டு அடுக்கு தளர்ந்தது என்று கருதுங்கள். ஓரிடம் மட்டும் புதிதாக வர்ணம் பெற்றிருந்தால் காரணம் கேளுங்கள். ரெசினின் நெடி மூக்கில் ஏறினால் வேலை அண்மையில் நடந்தது என்று அறியுங்கள். குறுக்குச் சட்டமும் நீளச் சட்டமும் உடலோடு சேருமிடத்தில் வெடிப்பு உளதா என்று விரலால் தடவுங்கள். சட்டம் விட்ட படகு ஒவ்வோர் அலைக்கும் நெளியும். நெளியும் உடலில் எவ்வொட்டும் நில்லாது.

நான்காவது, மேற்பூச்சின் விரிசலைப் படியுங்கள். ஒரு புள்ளியினின்றும் சிலந்தி வலைபோல் நாற்புறமும் ஓடும் விரிசல், அங்கே ஏதோ இடித்தது என்பதற்குச் சான்று. அடுத்தடுத்து ஒரே திசையில் ஓடும் விரிசல்கள், உடல் அவ்விடத்தில் வளைந்து வளைந்து களைத்தது என்பதற்குச் சான்று. நம் படகுகள் மணலில் இழுக்கப்படுவதால் அடிமுனை தேய்ந்து நூலிழை வெளித் தெரிதலும் உண்டு. அங்கே நீர் ஏறும்.

ஐந்தாவது, பின்பலகையைச் சோதியுங்கள். பெரும்பாலும் அதன் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கும். திருகாணித் துளை வழியே நீர் இறங்கினால் அது வெளியே தெரியாமல் மட்கும். பொறியைப் பற்றி மேலுங் கீழும் அசைக்கும்பொழுது பின்பலகையும் சேர்ந்து அசைந்தால், விலை பேசுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

ஆறாவது, கனம் பாருங்கள். மிதவை நுரைக்குள் நீர் புகுந்த படகு, ஒத்த அளவுள்ள படகைவிடக் கனக்கும். அதனைத் தள்ளும் இளைஞர்களின் முகமே தராசு.

ஏழாவது, உரிமையாளர் இசைவுடன் படகைக் கட்டைகளின்மேல் நன்றாகத் தாங்கி வைத்து, உள்ளே நாலு விரற்கடை உயரம் நீர் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். உள்நீர் வெளியே கசியும் இடமே கடல்நீர் உள்ளே வரும் இடம். மறுநாள் கடலில் ஓட்டிப் பாருங்கள். வெற்றுப் படகாக அன்று, வலையும் ஆளும் ஏற்றி ஓட்டுங்கள். அலைமேல் விழும்பொழுது ஒருவர் ஒட்டுப்போட்ட இடத்தின்மேல் கை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கட்டும்.

மரப்படகு வாங்குவோருக்கும் ஒரு சொல். பழைய மரவிசைப்படகுகளின்மேல் இப்பொழுது பைபர் உறை போர்த்துகிறார்கள். உலர்ந்த நல்ல மரத்தின்மேல் போர்த்தினால் அது கவசம். மட்கிய மரத்தின்மேல் போர்த்தினால் அது பிணத்தின்மேற் பட்டு. உறைக்கும் பலகைக்கும் இடையே அகப்பட்ட நீர் வெளியேற வழியின்றி மரத்தை உள்ளிருந்தே தின்னும். கடல்நீரைவிட மழைநீர் மரத்தை மிகுதியும் மட்கச் செய்வது. ஆதலின் மேல்தளத்தின் கீழ், மழைநீர் தங்கும் மூலைகளில், வங்குகளின் தலைப்பில், ஏராவோடு பலகை சேரும் இடத்தில் கூரிய ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி தடையின்றி இறங்கினால் அங்கே மரம் என்னும் பெயரே உளது.

இவற்றோடு காகிதங்களையும் பாருங்கள். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி படகிற்குப் பதிவு உண்டு. பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் படகில் உள்ள எண்ணும் ஒன்றா, பொறியின் எண் ஒத்துள்ளதா, படகின்மேல் வங்கிக் கடனோ சங்கக் கடனோ நிற்கிறதா என்று அறிந்து, மீன்துறை அலுவலகத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். ‘பெயர் அவர் மேலேயே இருக்கட்டும், நம்மவர்தாமே’ என்று விட்டுவிட்டால், மானிய எண்ணெய்க்கும், புயலடித்தபின் நிவாரணத்திற்கும் நீங்கள் அவர் வீட்டுத் திண்ணையிற் காத்திருக்க நேரும்.

‘நம்மவர்தாமே’ என்னும் இச்சொல்லைப் பற்றியே இறுதியாகச் சிறிது கூறவேண்டும். நம் சங்கம் எதற்காக உள்ளது? ஒருவர்க்கொருவர் துணையாதற்கே. அயலாரிடம் வாங்கும்பொழுது நாம் பத்துக் கேள்வி கேட்கிறோம்; நம்மவரிடம் வாங்கும்பொழுது ஒன்றும் கேட்பதில்லை. கேட்பது அவமதிப்பு என்று நினைக்கிறோம். இதனால் நேருவது யாது? அயலாரிடம் வாங்கிய படகு ஆராய்ந்த படகாகவும், நம்மவரிடம் வாங்கிய படகு ஆராயாத படகாகவும் ஆகின்றது. உறவு நமக்குக் காவலாதற்குப் பதிலாகத் துளையாகின்றது. நம்மவர் என்னும் முறைமை, வாங்குபவரை வாய்மூடச் செய்வதற்கு அன்று. விற்பவரை வாய் திறக்கச் செய்வதற்கே என்று கொள்ளுதல் வேண்டும். கேட்பவர் மரியாதை குறைந்தவரல்லர். கேட்குமுன் சொல்பவர் மரியாதை மிகுந்தவர்.

‘ஒட்டு உண்டென்று சொன்னால் விலை குறையுமே’ என்று சிலர் கூறுவர். குறையும், மறுக்கவில்லை. ஆயினும் நல்ல ஒட்டு ஆயின் சிறிதே குறையும். தீய ஒட்டு ஆயின் அக்குறைவு நியாயமானதே. அக்குறைவைத் தாங்கமாட்டாமல் மறைத்தால், அதே தொகை பின்னர் நால்வர் உயிரின்மேல் வைத்த பந்தயமாகின்றது.

தாய்மார்களே! நும்மை நோக்கியும் ஒன்று சொல்லவேண்டும். படகு வாங்கும் பணத்தில் நும் நகையும், தலைச்சுமையாக மீன் விற்றுச் சேர்த்த காசும் இருக்கின்றன. படகைப் பார்க்கும்பொழுது மட்டும் நும்மை அழைப்பதில்லை. நீவிரே சென்று பாருங்கள். ‘இது எங்கே உடைந்தது? எவர் ஒட்டினார்?’ என்னும் இவ்விரண்டு கேள்வியையும் கேட்க ஓடாவித் தொழில் தெரிந்திருக்க வேண்டுவதில்லை.

இனி, சங்கத்தாரிடம் மூன்று விண்ணப்பங்கள். ஒன்று, ஒவ்வொரு படகிற்கும் ஒரு குறிப்பேடு வைக்குமாறு உறுப்பினர்களுக்கு வற்புறுத்துக. என்று அடிபட்டது, எவ்விடம், எவர் பழுது பார்த்தார், எத்தனை அடுக்கு என்பன அதில் இருத்தல் வேண்டும். படகு கைமாறும்பொழுது ஏடும் கைமாறுக. இரண்டு, விற்பனைக்கு முன் ஓர் ஓடாவியாரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் படகைப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துக. எல்லார்க்கும் ஒரே வழக்கமாயின் எவரையும் ஐயுற்றதாக ஆகாது. மூன்று, விற்பனைப் பத்திரத்தில் ஒரு வாக்கியம் சேர்க்குக. எழுத்து வேலை எம்முடையது ஆதலின், அன்று எழுதத் தவறிய அவ்வாக்கியத்தை இன்று எழுதிக் கொணர்ந்துள்ளோம். அஃது இது:

“இப்படகின் அடியிலும் பக்கங்களிலும் இதற்கு முன் நேர்ந்த உடைவுகளும், அவற்றிற்குச் செய்த பழுதுபார்ப்புகளும் கீழே குறித்த இடங்களில் உள்ளன, அவற்றை வாங்குபவருக்கு நேரிற் காட்டியுள்ளேன், இவையன்றி நான் அறிந்த உடைவு வேறில்லை.”

இதனை எழுதிக்கொள்ள விரும்புவோர்க்கு எழுதித் தர யாம் எந்நாளும் சித்தமாயிருக்கிறோம், கூலி வேண்டா.

அப்படகு என்னாயிற்று என்று கேட்பீர். உடைந்த பகுதியை வெட்டியெடுத்து, பத்து நாள் உலர்த்தி, ஓரம் சரித்து, அடுக்கின்மேல் அடுக்கிட்டு ஓடாவியார் செப்பனிட்டார். அதன்பின் நான்கு வாடைக்காலம் அப்படகு கடல் கண்டது. அவ்வொட்டில் ஒரு துளி கசியவில்லை. ஆகவே ஒட்டுப்போட்ட படகை வாங்காதீர் என்று யாம் கூறவந்தோமல்லோம். 2023-ஆம் ஆண்டில் பெரிய படகிற்கு மாற எண்ணி எம் மைத்துனர் அதனை விற்றார். வாங்க வந்தவர் அருகே வருமுன்னரே, ஒரு சுண்ணக்கட்டியால் அவ்வொட்டைச் சுற்றி வட்டம் இட்டு வைத்தார். வந்தவர் வட்டத்தைப் பார்த்தார், தட்டினார், உள்ளே இறங்கிக் கை வைத்துப் பார்த்தார், கேட்ட விலையிற் சிறு தொகை குறைத்து வாங்கிச் சென்றார். பத்திரம் யாமே எழுதினோம். இம்முறை எழுதுமுன் எழுந்து சென்று படகைத் தொட்டுப் பார்த்தோம். குறைந்த பணத்தை எண்ணி வாங்கிய எம் தங்கை, “போகட்டும் அண்ணா, இரவில் தூங்கலாம்” என்றாள்.

இத்தடைக்காலத்திற் படகு வாங்குவோரும் விற்போரும் அச்சுண்ணக்கட்டியை நினைவிற் கொள்க. எம் சொற்களிற் குற்றமுளதேல் பொறுத்தருள்க.